வடபெண்ணைப் பிளவைப் பார்க்கப் போனது

வெள்ளிக்கிழமை, காலை 5.40. தசரா விடுமுறையின் முதல் நாள். ஆம்பூர் ஸ்டேஷனில் நானும் என் தம்பி சாமுவேலும் அரக்கோணம் போகும் பாசஞ்சரில் ஏறினோம். முத்தனூர் வரை மூன்றாம் வகுப்பு டிக்கெட், ஆளுக்கு நான்கு ரூபாய் ஒன்பது அணா. கையில் ஒரு தூக்குப் பாத்திரம் நிறையப் புளிச்சோறு, ஒரு கூஜா தண்ணீர், சுருட்டிய ஜமக்காளம் ஒன்று. தம்பி தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவன். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளமும் தையலும் சொல்லிக் கொடுப்பவள். எங்கள் அப்பாவும் அம்மாவும் சுண்ணாம்புக் குழியில் தோல் ஊறப்போட்டுத்தான் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார்கள்.

எங்கே பயணம் என்று கேட்டவர்களிடமெல்லாம் கடப்பை ஜில்லாவில் கண்டிக்கோட்டை என்றொரு பழைய மலைக்கோட்டை நகரம் இருக்கிறது, அதன் அடியில் வடபெண்ணை ஆறு மலையைப் பிளந்துகொண்டு போகிறது, அதைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னோம். அது பொய்யல்ல. பத்து வருஷமாக ஆறு மலையை அறுப்பதைக் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டிய எனக்கு அதைக் கண்ணால் பார்க்கும் ஆசை இருந்தது. ஆனால் அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை வாசகர்களிடம் மறைத்து இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

கோட்டைக்குப் பக்கத்து ஊர் ஜம்மலமடுகு. அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் ஆசீர்வாதம் என்றொரு கம்பவுண்டர் இருந்தார். திமிரி ஊர்க்காரர், மனைவியை இழந்தவர், நாற்பத்திரண்டு வயது. எங்கள் சபைப் போதகர் மூலமாக நான்கு மாதங்களில் ஐந்து கடிதங்கள் எனக்கு எழுதியிருந்தார். எனக்கு அப்போது முப்பத்தாறு. கலியாணப் பேச்சை எங்கள் வீட்டில் எல்லோரும் மறந்து பல வருஷமாகியிருந்தது. ஊரையும் வீட்டையும் பார்க்காமல் பதில் சொல்ல மாட்டேன் என்று எழுதினேன். வந்து பாருங்கள், கோட்டையையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று பதில் வந்தது. பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதுதான் வழக்கம். நான் மாப்பிள்ளை பார்க்கப் போனேன். சித்தி ஒருத்தி இதற்காக இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

காலை 10.00. அரக்கோணத்தில் இறங்கிப் பம்பாய் லைனுக்கு மாறினோம். பெட்டியில் எங்களுக்கு எதிரே பேரணாம்பட்டு தோல் வியாபாரி ஒருவர், வெள்ளைத் தாடி, மடியில் வெற்றிலைப் பெட்டி. கடப்பைச் சந்தைக்கு ஆட்டுத்தோல் வாங்கப் போகிறவர். தம்பியின் விரல் நகங்களில் ஏறியிருந்த பட்டைச் சாயத்தைப் பார்த்ததும் தொழில் இன்னதென்று கண்டுகொண்டார்.

"எந்த மண்டி தம்பி?"

தம்பி சொன்னான்.

"இந்தப் பக்கம் இன்னா ஜோலி? தோல் பாக்கவா?"

"இல்ல பாய். அக்காவுக்குக் கோட்டை பாக்கணுமாம்."

"கோட்டையா?" அவர் வெற்றிலையை மெதுவாக மடித்தார். "வேலூர்ல இல்லாத கோட்டையா? அகழில தண்ணிகூட இருக்குதே. இதுக்குப் போயி இவ்ளோ பேஜார் படணுமா?"

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான். நான் புளிச்சோற்றை மூன்று பங்காகப் பிரித்து ஒரு பங்கை அவருக்குக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்த பிறகு எங்களுக்கு உபயோகமான ஒரு விஷயம் சொன்னார்: முத்தனூரில் இறங்கினால் ஸ்டேஷன் தண்ணீரைக் குடிக்காதீர்கள், உப்புக் கரிக்கும்.

திருத்தணி தாண்டியதும் நகரி மலை மூக்கை நீட்டிக்கொண்டு வெகுநேரம் கூடவே வந்தது. ரேணிகுண்டாவுக்கு அப்பால் காடு. ராஜம்பேட்டை, நந்தலூர். நந்தலூரில் நீளமான பாலத்தில் ரயில் ஊர்ந்து போனது. கீழே செய்யேறு ஆறு இரண்டு மூன்று இழைகளாக ஓடியது. கடப்பையில் வியாபாரி இறங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு மண் கறுப்பாகிவிட்டது. வேலிக்கு முள் போடாமல் ஆள் உயரக் கறுப்புக் கல் பலகைகளை வரிசையாக நட்டிருந்தார்கள். வீட்டுக் கூரைகூடக் கல்பலகைதான். ஏதோ ஊர் முழுவதும் சிலேட்டால் கட்டியது போல எனக்குத் தோன்றியது.

மாலை 6.15. முத்தனூர். பிளாட்பாரத்தில் வெள்ளைக் கோட்டோடு ஒருவர் நின்றிருந்தார். உயரம், கொஞ்சம் கூன், மூக்குக்கண்ணாடியின் ஒரு காதில் நூல் கட்டியிருந்தது. எங்களைக் கண்டதும் வணக்கம் சொல்லிவிட்டு முதலில் என் கையிலிருந்த கூஜாவை வாங்கிக்கொண்டார்.

"பிரயாணம் சௌகரியமா இருந்துதா டீச்சர்?"

"இருந்தது."

அவ்வளவுதான் பேசினோம். ஐந்து கடிதங்களில் அவர் எழுதியது இருபது பக்கம் இருக்கும். மோட்டார் பஸ்ஸில் பன்னிரண்டு மைல், ஆறணா. இருட்டிவிட்டதால் ஒன்றும் தெரியவில்லை. ஓரிடத்தில் சக்கரத்தடியில் மணல் அரைபட, ஆறு என்றார் கண்டக்டர். ஜம்மலமடுகில் நர்சுகள் விடுதியில் எனக்கு இடம் ஏற்பாடாகியிருந்தது. தம்பி அவர் வீட்டுக்குப் போனான்.

சனிக்கிழமை, காலை 6.00. தம்பி விடுதி வாசலில் வந்து நின்றான். முகம் சரியாக இல்லை.

"அக்கா, அவரு வீட்ல ஒரு அம்மா இருக்காங்க."

"அவர் அம்மாவா? காலமாகிட்டதா எழுதியிருந்தாரே."

"அவரு அம்மா இல்ல. செத்துப்போன சம்சாரத்தோட அம்மா. தெலுங்குக்காரங்க. ஆறு வருஷமா அவர்கூடத்தான் இருக்காங்களாம். சமையலெல்லாம் அவங்கதான். ராத்திரி எனக்குப் போட்டு நெய் ஊத்தினாங்க. நல்லாத்தான் பேசினாங்க. ஆனா உனக்கு இது தெரியாதே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபது பக்கத்தில் ஆற்றைப் பற்றி எழுதினார், ஆஸ்பத்திரித் தோட்டத்துக் கொய்யாவைப் பற்றி எழுதினார். வீட்டுக்குள் இருக்கும் மனுஷியைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்போதே ஊர் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். திங்கட்கிழமைதான் எங்களுக்கு ரயில். பள்ளத்தையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று வண்டியேறினேன்.

காலை 6.45. ஒற்றை மாட்டுவண்டிக்கு அன்றைக்கு முழுதும் ஒன்றரை ரூபாய். கோட்டை ஆறு மைல் என்றார் கம்பவுண்டர், ஒன்பது என்றார் வண்டிக்காரர். வண்டிக்காரர் சொன்னதுதான் சரி. வண்டியில் எனக்கு முன்பே அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். ராகேலம்மா என்று பெயர். அறுபது வயதிருக்கும், குள்ளமான உருவம், காதில் கனத்த கம்மல். காலடியில் பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி, மேலே சோற்று மூட்டை. அவர் பிறந்த ஊரே கண்டிக்கோட்டைதானாம். மருமகனோடு பேசிப் பேசிக் கற்ற தமிழ் அவருக்கு இருந்தது. ஆம்பூரில் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பழகிய தெலுங்கு எனக்கு இருந்தது. இரண்டையும் கலந்து பேசினோம்.

"கூர்ச்சோம்மா, இப்பிடி ஒக்காரு. அங்க சக்கரம் இடிக்கும்" என்று எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன். அவரிடம் எனக்குக் கோபமில்லை. கோபத்துக்குரியவர் வண்டிக்குப் பின்னால் தம்பியோடு நடந்து வந்தார்.

ஆற்றைப் பகலில் பார்த்தேன். அகலமாக, கலங்கலாக, மாட்டின் முழங்கால் நனையும் ஆழத்தில் போய்க்கொண்டிருந்தது. இந்தச் சாதுவான தண்ணீரா மலையை அறுத்தது என்று நம்ப முடியவில்லை. கரையேறியதும் சோளக் காடு, பிறகு கற்காடு, பிறகு ஏற்றம். ஏற்றத்தில் நானும் இறங்கி நடந்தேன். ராகேலம்மா மட்டும் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு வண்டியிலேயே இருந்தார்.

காலை 9.30. கோட்டை வாசல். ஆனை முட்டாமலிருக்க இரும்பு முனைகள் அடித்த பெரிய கதவு. வாசல் நேரே போகாமல் மடங்கி மடங்கிப் போகிறது. உள்ளே நுழைந்தால் எதிர்பாராதபடி ஒரு ஊர் இருக்கிறது: ஆடுகள், வைக்கோற்போர், பிள்ளைகள், நூறு வீடுகளுக்குக் குறையாது. ஒரு காலத்தில் அரசர்கள் இருந்து ஆண்ட நகரம். இப்போது தெருவுக்குத் தெரு இடிந்த சுவரில் எருவாட்டி தட்டியிருக்கிறார்கள். சதுரமான ஒரு கோபுரத்தில் புறாக்கள். இரண்டு மினார்களோடு ஒரு மசூதி, அதன் பக்கத்தில் படிக்கட்டு இறங்கும் குளம். தானியக் களஞ்சியத்துக்குள் நின்று தம்பி இருமினான், அந்த இருமல் கூரை வளைவில் சுற்றி மறுபடி எங்களிடமே வந்தது. மாதவராயர் கோயில் கோபுரம் மட்டும் முழுசாக நிற்கிறது. கர்ப்பக்கிரகத்தில் சாமி இல்லை.

பெரியவரான ஒரு கல்தச்சர் வெயிலில் உட்கார்ந்து அம்மி கொத்திக்கொண்டிருந்தார். பள்ளம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். உளியாலேயே காட்டினார். "மசூதிக்குப் பின்னால போ. தரை முடியுற இடத்துல நின்னுக்கோ" என்று அவர் தெலுங்கில் சொன்னதைத் தம்பிக்கு நான்தான் மொழிபெயர்த்தேன்.

காலை 10.30. தரை முடிகிற இடத்தில் நின்றேன்.

கரும்பலகையில் நான் போட்ட கோடுகளெல்லாம் தவறு. பள்ளத்தாக்கு என்றால் இரண்டு பக்கமும் சரிவாக வரைவேன். இங்கே சரிவே கிடையாது. முந்நூறு அடிக்குக் குறையாமல் பாறை செங்குத்தாக இறங்குகிறது. அடியில் ஆறு பச்சையாக, அசையாததுபோல் கிடக்கிறது. எதிர்க்கரைப் பாறையும் அதே உயரம், அதே சிவப்பு. ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தவை என்பதற்கு ருசு வேண்டியதில்லை. பாறை முழுவதும் அடுக்கடுக்காகக் கிடைமட்டமாக வெடித்திருக்கிறது. பருந்துகள் எங்களுக்குக் கீழே பறந்தன. பருந்தின் முதுகை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"அக்கா, பட்டையில பதம் போட்ட தோல அடுக்கி வெச்ச மாதிரியே இருக்குது பாரு" என்றான் தம்பி. நிறமும் அதேதான். பிறகு அவன் மயக்கமாக வருகிறது என்று பின்னால் போய் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துகொண்டான். உண்மையிலேயே மயக்கமா, எங்களைத் தனியாக விட்டானா என்று இன்றுவரை கேட்கவில்லை.

ஆசீர்வாதம் என்னிலிருந்து நான்கடி தள்ளி நின்றார். கீழே பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அவங்கள பத்தி ஏன் எழுதல?"

"எழுதினேன் டீச்சர். மூணாவது கடுதாசில ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அத்தை படிச்சுக் காட்டச் சொன்னாங்க. கேட்டுட்டு அந்தப் பக்கத்த அடுப்புல போட்டுட்டாங்க. இத படிச்சா அந்தப் பொண்ணு வராதுன்னாங்க."

"மறுபடி எழுதியிருக்கலாமே."

"எழுதியிருக்கலாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பயந்துட்டேன்."

ஏதாவது சாக்குச் சொல்வார், அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். பயந்துவிட்டேன் என்று சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது?

"இனிமே அவங்க எங்க இருப்பாங்க?"

"எங்கூடத்தான். அவங்க மக காய்ச்சல்ல படுத்தப்போ இருபத்தோரு நாள் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி முழிச்சிருந்தோம். அதுக்கப்புறம் போங்கன்னு எப்பிடி சொல்றது? உங்களுக்கு இது சரிப்படலன்னா சொல்லிடுங்க. தப்பா எடுத்துக்க மாட்டேன்."

திங்கட்கிழமை ரயிலுக்கு முன் பதில் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு வேறு விஷயங்கள் பேசினோம். கீழே தண்ணீருக்குப் போகும் ஒற்றையடிப் பாதையைக் காட்டினார். தமக்கு வெந்நீர் போடக்கூடத் தெரியாது என்றும், மருந்து கலக்க மட்டுமே தெரியும் என்றும் ஒத்துக்கொண்டார். ஜம்மலமடுகுப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதலில் தையலும் சித்திரமும் தருவார்களாம். தெலுங்கு எழுதப் படிக்க வந்த பிறகு பூகோளம். நான் தெலுங்கு எழுத்து எத்தனை என்று கேட்டேன். அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்போம். பள்ளத்தின் நிழல் ஒரு கரையிலிருந்து குறைந்து மறுகரையில் விழ ஆரம்பித்திருந்தது.

பகல் 12.30. சாப்பாடு ராகேலம்மாவின் தம்பி வீட்டில். ஒரே அறை, முன்னால் கீற்றுப் பந்தல். பந்தலில் இரண்டு ஆடுகள். வீட்டில் ஏழு பேர். சோள ரொட்டியும் புளிச்சக்கீரைத் துவையலும் மோரும் பரிமாறினார்கள். காரத்தில் என் தம்பிக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது வண்டிக்காரர் அந்தத் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பந்தலில் ஆடுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆசீர்வாதம் பார்த்தார்.

"அத்தை, பாத்திரம்னுதானே சொன்னீங்க? எல்லாரும் சாப்ட்டாச்சே. அது இன்னாத்துக்கு எறக்கினீங்க?"

"பாத்திரம் இல்ல நாயனா. என் சேலை, பைபிளு, என் மகளோட போட்டோ. நான் இங்க இருந்துக்கறேன். நீங்க கிளம்புங்க."

ஆசீர்வாதம் நின்ற இடத்திலேயே நின்றார். அந்த வீட்டுப் பெண் ஒரு ஆட்டை அவிழ்த்து வேறு கம்பத்தில் கட்டினாள். படுக்க இடம் செய்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அந்த ஆடு நின்ற இடம், ஆறு வருஷம் ஒரு வீட்டை நடத்திய மனுஷிக்கு.

எனக்குப் பதில் சொல்ல இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஆனால் என் வாய் காத்திருக்கவில்லை.

"பெட்டிய வண்டில ஏத்துங்க" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தம்பி என் முழங்கையைத் தொட்டான். "அக்கா, யோசிச்சு..."

"யோசிச்சுதான் சொல்றேன்."

ராகேலம்மா என் எதிரே வந்து நின்றார். என் தோள் உயரம்தான் இருந்தார். "எதுக்கும்மா? நேத்திக்கு வந்தவ நீ. என்னைத் தெரியாது உனக்கு. நான் கோவக்காரி. கேட்டுப் பாரு."

"நானும் கோவக்காரிதான். சண்ட வந்தா போட்டுக்கலாம். ஆனா ஒருத்தர இப்பிடி ஆட்டுக்கிட்ட எறக்கி வெச்சுட்டு, நாளைக்கு நான் அந்த வீட்டுக்குள்ள எப்பிடி நுழையறது?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. தம்பி குனிந்து செருப்பைத் தேடினான். அது அவன் காலிலேயே இருந்தது. ஆசீர்வாதம் வண்டிக்காரரைக் கூப்பிடாமல் தாமே பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெயிலில் வண்டிவரை நடந்தார். வெள்ளைக் கோட்டில் துரு ஒட்டிக்கொண்டது.

ராகேலம்மா கொஞ்ச நேரம் தம் தம்பி மனைவியிடம் பேசினார். பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு மூட்டை மிளகாய் வாங்கிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார். "ஜம்மலமடுகுல விலை ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னார். ஆறு கடக்கும்போது முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் மறுபக்கம் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை தெலுங்கில் நடந்தது. பாட்டுகளின் ராகம் தெரிந்தது, வார்த்தை தெரியவில்லை. ராகேலம்மா பக்கத்தில் நின்று புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டே வந்தார். மத்தியானம் அவர் சமையலில் முதல் தடவை நான் உப்பு குறைச்சல் என்றேன். இல்லை என்றார். முதல் சண்டை அது. தம்பி என் பக்கமும் கம்பவுண்டர் அத்தை பக்கமும் சாட்சி சொன்னார்கள்.

திங்கட்கிழமை, காலை 8.20. முத்தனூரில் ரயில் ஏறினோம். நகரி மலை இந்தத் தடவை எதிர்ப்பக்கம் வந்தது. காட்பாடி தாண்டிப் பாலாற்றைப் பார்த்தபோது எப்போதும்போல மணல்தான். எங்கள் ஆறு எதையும் பிளக்கவில்லை. அதில் இறங்கிச் செருப்பில்லாமல் அக்கரைக்கு நடந்துவிடலாம், வழியில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடிக்கலாம். அதன் கரையில்தான் எங்கள் சுண்ணாம்புக் குழிகளும் பட்டைக் குவியல்களும். ரயில் ஆம்பூருக்குள் நுழையும்போது அந்த வாடை வந்தது. தம்பி மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "ஊரு வந்துடுச்சுக்கா" என்றான். நானும் இழுத்தேன். இனிமேல் இது விடுமுறைக்கு வந்து சுவாசிக்கும் காற்று என்று நினைத்தபோது இன்னொரு தடவை இழுத்தேன். அது வருத்தத்தால் என்று சொல்ல மாட்டேன்.

இதை ஜம்மலமடுகில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜனவரியில் கலியாணம் ஆயிற்று. தெலுங்கு எழுத்து எல்லாம் வந்துவிட்டது, கூட்டெழுத்து மட்டும் இன்னும் தகராறு. கண்டிக்கோட்டை பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை: ஐப்பசியில் வாருங்கள், ஆற்றில் தண்ணீர் இருக்கும். முத்தனூரில் ரயிலை விட்டிறங்கிப் பஸ் ஏறுங்கள். செருப்பு கெட்டியாக இருக்கட்டும். பாறை விளிம்பில் உட்காருங்கள், நிற்க வேண்டாம். தங்குவதற்கு ஆஸ்பத்திரித் தெருவில் கம்பவுண்டர் வீடு என்று கேளுங்கள். கதவைத் திறக்கிற அம்மாள் தெலுங்கில் நாலு கேள்வி கேட்பார்கள். பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை, சாப்பிட்டாச்சா என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்று தலையாட்டுங்கள்.